மைதீனுக்கு லீவு கிடைக்க ஒரு மெனு

ஒரு அலுவலகத்துக்குள் முதல் தடவையாக நுழைகிறீர்கள் என்றால், அங்கிருக்கும் கணினித் திரையின் கீழ்மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி மெனுவைத் திறந்து பாருங்கள். அங்கே யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பணியாளர் பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது. அதில் பதவியும் ஊதியமும்தான் இருக்கும்.

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் எல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். அந்தப் பயிற்சியை நானும் பல வருடங்கள் நடத்தியிருக்கிறேன். நம்முடைய விதிமுறைக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருவர் அதைத் தட்டச்சு செய்தவர். அவ்வளவு பெரிய கையேட்டில், ஒரு மனிதன் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் என்ன பார்க்கவேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கடவுச்சொல் எத்தனை எழுத்து என்பதற்கு மட்டும் ஒன்றுக்கு மூன்றாகச் சுற்றறிக்கைகள் உண்டு. எனவே இதை நீங்கள் வேறு எங்கும் படிக்க முடியாது.

சங்கரன்கோவிலில் ஒரு விவசாயிகள் சேவைச் சங்கம். பெயர் வேண்டாம். உரம், விதை விற்பது, உறுப்பினர் கணக்கு பார்ப்பது, பயிர்க் காப்பீடு பதிவது, இவ்வளவுதான் அங்கே வேலை. மாவட்ட அலுவலகத்திலிருந்து நான் அவ்வப்போது பஸ் ஏறி அங்கே போவேன். செலவைக் குறைப்பதற்காகத் தலைமையகம் எல்லாச் சங்கங்களுக்கும் ஒரு இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தது. இலவசமாக வந்ததால் எதையும் கழிக்கவில்லை. உர மூட்டை விற்கும் சங்கத்துக் கணினியின் மெனுவைத் திறந்தால் தனிம அட்டவணை இருக்கும். வானத்தில் எந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டும் நிரல் இருக்கும். இசைக் குறிப்பு எழுத ஒன்று, வீட்டுக்கு வரைபடம் போட ஒன்று, விளையாட்டு மட்டும் ஒரு பக்கம் நிறைய. இதற்கு நடுவில் எங்கோ உர பில் போடும் நிரலும் இருந்தது.

அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் மைதீன் ஒருவன்தான்.

மைதீன் கடையநல்லூர்க்காரன். ஒப்பந்தப் பணியாளன். வருடத்துக்கு ஒரு தடவை செயலாளர் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, போடாவிட்டால் இல்லை. கெட்டிக்காரன். மெனுவில் அவன் தனக்கென்று ஒரு குடித்தனமே அமைத்திருந்தான். ‘கல்வி’ என்ற பிரிவுக்குள் ‘ஏனையவை’ என்ற பிரிவு. அதற்குள் ‘புதுசு’, ‘புதுசு மறுபடியும்’, ‘பழசு வேண்டாம்’, ‘தொடாதே’ என்று வரிகள். சங்கத்தின் உயிர்நாடியான உறுப்பினர் கணக்கு ‘தொடாதே’ என்ற பெயரில் இருந்தது. வேறு யாரும் தொடக்கூடாது என்பதுதான் அதன் பொருள். வருடா வருடம் கையெழுத்துக்குக் காத்திருக்கிறவன் தன்னைச் சுற்றி ஒரு வேலி போட்டுக்கொள்கிறான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நான் பார்த்த அலுவலகங்களில் பாதிக்கு மேல் இந்த வேலி உண்டு. சில இடங்களில் அதைப் போட்டவர் மேலதிகாரியாகவே இருப்பார்.

ஒருநாள் வேலை முடிந்து நான் பஸ் நிலையத்துக்குக் கிளம்பும்போது மைதீனும் கூடவே வந்தான்.

“மேடம், எனக்கு லீவு வேணும்.”

“அத ஏன் எங்கிட்ட கேக்க? செயலாளர்கிட்ட கேளு.”

“கேட்டாச்சு. ‘நீ போயிட்டா யாருவே வேலையப் பாப்பா’ன்னு கேக்காரு.”

“யாரு பாப்பா?”

“ஒருத்தரும் பாக்க முடியாது, மேடம்” என்றான். அதில் எவ்வளவு வருத்தம் இருந்ததோ அவ்வளவு பெருமையும் இருந்தது.

அவன் மனைவிக்கு அது இரண்டாவது பேறு. முதல் குழந்தை தங்கவில்லை. அந்த நாளைப் பற்றி அவன் சொன்னது இவ்வளவுதான்: “அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு இவுக போனுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன், மேடம். ‘அது எங்கன இருக்கு, இது எங்கன இருக்கு’ன்னு. உள்ள என்ன நடந்துன்னே எனக்குத் தெரியல. இந்தத் தடவ நான் கூட இருக்கணும்.”

“அப்போ மெனுவ எல்லாரும் பாக்குற மாதிரி ஆக்கிருவோமா?”

“ஆக்கலாம். எல்லாரும் பாக்கலாம்னு ஆயிட்டா, பெறகு நான் எதுக்குன்னு கேப்பாருல்லா?”

“கேப்பாரு.”

“அப்போ?”

“அப்போ பாத்துக்கிடலாம்.”

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்வது எளிது. ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அதிகாரம் இல்லாத இடத்தில் தைரியம் சொல்லாதீர்கள். நம்பிவிடுவார்கள்.

மறுமுறை போனபோது செயலாளரிடம் முறைப்படி கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். மைதீன் லீவில் போனால் அவன் இடத்தில் உட்கார வேண்டியவள் முத்துச்செல்வி. உரக் கிடங்கில் பில் கிளார்க். ராயகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வாய் கொஞ்சம் அதிகம். அது எனக்கு வசதியாகவே இருந்தது. ஒரு மெனு நன்றாக இருக்கிறதா என்று அமைதியான ஆளை வைத்துச் சோதிக்கவே முடியாது.

“இதென்ன மேடம், நட்சத்திரமெல்லாம் காட்டுது. யூரியா எந்த நட்சத்திரத்துல இருக்கு?”

“ஏ முத்துச்செல்வி, சும்மா இரி” என்றான் மைதீன்.

“சும்மா இருக்கத்தான வீட்டுல இருந்தேன். இங்கன எதுக்கு வாரேன்?”

நாங்கள் செய்தது பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. நிரலின் பெயரை மெனுவில் போடாமல், சன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் என்ன கேட்கிறாரோ அதைப் போட்டோம். ‘உர பில்.’ ‘உறுப்பினர் கணக்கு.’ ‘பயிர்க் காப்பீடு.’ ‘ஸ்கேன்.’ ‘பிரிண்ட்.’ எதற்கு ஆட்கள் அதிகம் வருகிறார்களோ அது முதலில். பிரிவுக்குள் பிரிவு கிடையாது. மற்ற எல்லாவற்றையும் பார்வையிலிருந்து எடுத்துவிட்டோம். எடுத்தோம் என்றால் மறைத்தோம், அவ்வளவுதான். எதையும் அழிக்கவில்லை. இது ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இன்னொருவருடைய கணினியில் உங்களுக்குப் புரியாத ஒன்று இருந்தால் மறைக்கலாம், அழிக்கக்கூடாது.

செயலாளர் நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தார். “மேடம், அந்தச் சீட்டு விளையாட்டு ஒண்ணு மட்டும் இருக்கட்டும். மவுஸ் பழகுறதுக்கு.” அவர் மவுஸ் பழகத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவர் மேசைக் கணினியில் மட்டும் விட்டுவைத்தேன். சீர்திருத்தம் செய்கிறவர்கள் இப்படி ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மற்ற இடங்களில் கையெழுத்துக் கிடைக்காது.

மைதீனின் பழைய வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தேன். பொறுமையாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ‘பழசு வேண்டாம்’ என்ற வரிக்கு வந்தபோது சட்டென்று, “அது சும்மா, மேடம். முன்ன எப்பவோ போட்டது. எடுத்துரலாம்” என்றான்.

“சீசன்ல மட்டும் வேண்டியது எதுவும் பாக்கி இருக்கா?”

“இல்ல மேடம்.”

மறைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னதை நான் கவனிக்காமல் இல்லை. வேலியைப் பிடுங்குகிற நேரத்தில் யாரும் நேராகப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு கிடைத்தது. ஆனால் எந்த வாரத்துக்கு? அந்த வருடம் மழை தாமதமாகத்தான் வந்தது. குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரி நிலங்களில் உளுந்தும் சோளமும் பிந்தியே விதைத்திருந்தார்கள். அதனால் காப்பீட்டுக்கும் எல்லோரும் பிந்தியே வந்தார்கள். பிந்தி வருகிறவர்கள் கடைசி நாளன்று வருவார்கள். மைதீனின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அந்தக் கடைசி நாளன்று காலையில்தான். கடைசி நாள் என்பதால் நானும் சங்கத்துக்குப் போயிருந்தேன்.

கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் அடங்கல் இருந்தது. இந்த நிலத்தில் இந்தப் பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கிற சான்று அது. அதை ஸ்கேன் செய்து ஏற்றினால்தான் பதிவு முடியும். சாயங்காலம் இணையதளத்தை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு மழை பெய்து கெடுத்தாலும் பெய்யாமல் கெடுத்தாலும் அவரவர் பாடு.

முத்துச்செல்வி மெனுவைத் திறந்தாள். ‘பயிர்க் காப்பீடு’ வந்தது. பெயர், ஊர், நிலம் எல்லாம் தடங்கல் இல்லாமல் போயிற்று. ‘ஸ்கேன்’ அழுத்தினாள். ‘சாதனம் எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான்.

முதலில் நின்ற இளையரசனேந்தல் பெரியவர் எட்டிப் பார்த்தார். “என்ன தாயி சொல்லுது?”

“ஸ்கேனரக் காணோம்னு சொல்லுது, தாத்தா.”

“இந்தா, பக்கத்துலதான இருக்கு. லைட்டு வேற எரியுது. நாங்கூடப் பாத்துட்டேன்.”

பின்னால் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. ஓய்வுக்கு அருகில் இருந்த மனிதர். கடைசி நாளில் பதிவு நின்றால் விளக்கம் கேட்டு அவருக்குத்தான் கடிதம் வரும்.

“மேடம், மைதீனுக்குப் போனப் போடுங்க.”

“அவன் வீட்டம்மாவ பிரசவ வார்டுக்குள்ள கொண்டு போயாச்சு, சார்.”

“ஒரு நிமிஷம்தான?”

“போன தடவையும் ஒரு நிமிஷம்தான், சார்.”

அவருக்கு அது புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கூட்டம் குனியவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு ஆள் மனைவியோடு இருக்கக் கேட்ட ஒரு நாள். இன்னொரு பக்கம் ஒரு தெரு நிறைய ஆட்களின் ஒரு போக விளைச்சல். கையேட்டைக் கேட்டால் போன் போடு என்று சொல்லும். லீவில் இருக்கும் பணியாளரை அவசரத்துக்குத் தொடர்புகொள்ளலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு போன் போய்விட்டால் மைதீனுக்கு இனி எந்த லீவும் லீவாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். எனவே எனக்கு நானே ஒரு கெடு வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரம்வரை வேறு வழி பார்ப்பது. கிடைக்காவிட்டால் கூப்பிடுவது. பயிரை வைத்துக்கொண்டு நான் வீம்பு காட்ட முடியாது.

முதல் வழி முத்துச்செல்வியிடமிருந்து வந்தது. தன் போனில் அடங்கலைப் படம் எடுத்தாள். அதைக் கணினிக்கு மாற்றி, அளவைக் குறைத்து, ஏற்றினாள். ஏறியது! ஆனால் ஒரு ஆளுக்கு ஆகிற நேரத்தைப் பார்த்தால், சாயங்காலத்துக்குள் பாதிப் பேர்கூடத் தாண்டமாட்டார்கள். அவள் படம் எடுக்க எடுக்க, நான் இன்னொரு பக்கம் அந்த ஸ்கேனரோடு மல்லுக்கட்டினேன். பழைய ஸ்கேனர். அதற்கு வேலை சீசனில் மட்டும்தான்; மெனு போட்ட அன்று அதை ஓட்டிப் பார்க்காதது என் பிழை. புதிய இயங்குதளத்துக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அப்படியானால் போன சீசனில் அது எப்படி ஓடியது? யாரோ ஓட வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்கத் தேவையில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. மறைத்த வரிகள் ஏராளம், ஒன்றின் பெயரிலும் ஸ்கேனர் இல்லை.

மதியம் நெருங்கியது. செயலாளர் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூட்டத்தைச் சமாளிக்க வாசலுக்கு எழுந்து போன நேரம், அதுவாகவே அடித்தது. மைதீன்.

“மேடம், புள்ள பொறந்துட்டு. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ, அல்ஹம்துலில்லாஹ்.”

“ரொம்ப சந்தோசம் மைதீன். நீ கூட இருந்தியா?”

“இருந்தேன் மேடம். வாசல்லயே நின்னேன். உள்ள அழுதது வெளிய கேட்டுச்சு.”

ஸ்கேனரைப் பற்றி நான் கேட்கவில்லை. முத்துச்செல்வி கையில் அடங்கலோடு என்னையே பார்த்தாள்.

“மேடம்… ஸ்கேனரு ஓடுதா?”

“ஓடல.”

“ஏன் மேடம் போன் போடல?”

“நீ லீவுல இருக்க.”

“அந்தப் ‘பழசு வேண்டாம்’னு ஒண்ணு இருந்துச்சுல்லா… அத அழிச்சிட்டியளா?”

“மறைச்சுத்தான் வச்சிருக்கேன்.”

“அதுதான் மேடம் ஸ்கேனரு. நான் தனியா எழுதிப் போட்டது. ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன். காலையில இருந்து போன கையிலயே வச்சுக்கிட்டு நிக்கேன், இப்பக் கூப்பிடுவிய, இப்பக் கூப்பிடுவியன்னு. ஒருத்தரும் கூப்பிடல.”

“இப்போ ஏன் சொல்லுத?”

“புள்ளயக் கொண்டாந்து நீட்டுனாங்க, மேடம். வாங்குறதுக்கு ரெண்டு கையும் வேணும்லா.”

நான் மறைத்ததைத் திறந்து, ஓடாத ‘ஸ்கேன்’ வரியை எடுத்துவிட்டு, மைதீன் எழுதியதை அந்த இடத்தில் அந்தப் பெயரிலேயே வைத்தேன். முத்துச்செல்வி அழுத்தினாள். ஸ்கேனர் உறுமிக்கொண்டு நகர்ந்தது. தன் பதிவு முடிந்தும் வேடிக்கை பார்க்க நின்ற இளையரசனேந்தல் பெரியவர், “இப்பக் கண்ணு தெரிஞ்சிருச்சாக்கும்” என்றார். சாயங்காலம் இணையதளம் மூடுவதற்கு முன்பு தெரு காலியாகிவிட்டது. யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

எல்லோரும் போன பிறகு செயலாளருக்குத் தேநீர் வந்தது. அதோடு அந்தக் கேள்வியும் வந்தது.

“மைதீன் என்ன மேடம் சொன்னான்?”

“பொம்பளப் புள்ள பொறந்திருக்காம்.”

“சந்தோசம். ஸ்கேனரு எப்படிச் சரியாச்சு?”

“மெனுவுல ஒரு வரி மாறி இருந்துச்சு. மாத்திட்டேன்.”

அவர் தேநீரை ஒருமுறை உறிஞ்சினார். “ஆக, மைதீன் இல்லாமலே ஓடுதுன்னு தெரிஞ்சு போச்சு. அடுத்த வருசத்துக்கு ரெண்டு ஆளு எதுக்குன்னு மேல கேட்டா நான் என்ன சொல்ல?”

“போன மாசம் நீங்க ஒரு வாரம் குற்றாலம் போயிருந்திய. அப்பவும் ஓடுச்சு, சார்.”

முத்துச்செல்வி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடினாள். அங்கே தேட ஒன்றும் கிடையாது.

கேலியோடு நிறுத்தியிருந்தால் அது கேலியாகவே போயிருக்கும். அவருக்குப் பயம் மேலிடத்திடம். எனவே மேலிடத்தின் மொழியிலேயே ஒன்றைக் கொடுத்தேன். காப்பீட்டுப் பதிவு நடக்கும் சங்கத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் இருவர் இருக்கவேண்டும் என்று கையேட்டின் பின்பகுதியில் ஒரு பிரிவு உண்டு. யாரும் அவ்வளவு தூரம் படிப்பதில்லை. ஒருவர் மட்டும் இருந்தால் தணிக்கையில் அது குறை. “இத்தன வருசமா உங்க சங்கத்துல ஒருத்தர்தான், சார். யாரும் கவனிக்கல. இன்னைக்குத்தான் ரெண்டு பேரு ஆயிருக்கு. நான் அப்படியே எழுதிருதேன்.” அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “எழுதிருங்க மேடம், எழுதிருங்க” என்றார்.

எழுதினேன். ஸ்கேனர் நிரல் மெனுவில் சேர்க்கப்பட்டது, இரு பணியாளரும் பயிற்சி பெற்றுள்ளனர். ஒவ்வொரு சொல்லும் உண்மை. நிரல் அதற்கு முன் எங்கே இருந்தது, ஏன் இருந்தது என்று அறிக்கைப் படிவம் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது விதிமீறல் என்று நான் கடைசிவரை கருதி வந்திருக்கிறேன். மைதீன் ஒளித்து வைத்தது சரி என்று சொல்லமாட்டேன். அதை அவனிடம் தனியாக, நல்ல கடுமையாகவே சொன்னேன். ஆனால் அவன் தானாக எடுத்துக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே விழுந்தது.

அது முடிந்த வாரத்தில் நான் போயிருந்தபோது, மைதீன் செயலாளர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். “சார், புள்ளைக்கு நாப்பதாம் நாளு வருது. ரெண்டு நாளு லீவு வேணும்.”

செயலாளர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். “நீ போயிட்டா யாரு…”

“நான் பாத்துக்கிடுதேன், போங்கண்ணே” என்றாள் முத்துச்செல்வி, பில்லிலிருந்து தலையை எடுக்காமல். “ஆனா எங்க கொழுந்தன் கல்யாணத்துக்கு எனக்கு லீவு வேணும். இப்பவே சொல்லிட்டேன், சார்.”

“நல்லா இருக்கே கத! ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டா?”

மைதீன் தன் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, மூலைப் பொத்தானை அழுத்தினான். மெனு திறந்தது. “நீங்க பாருங்க சார். எல்லாம் தமிழ்லதான் இருக்கு.”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘உர பில்’ என்று முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.